சம்பளத்தோடு தீவின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலத்தீவில் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவை என்ற விளம்பரங்களை இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். எந்தப் பாடம், என்ன படித்திருக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு, விமான டிக்கெட் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தத் தீவு என்பது மட்டும் இருக்காது. இங்கே வந்து வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரின் அன்றாடத்தை வேறு எதையும்விட அதிகம் தீர்மானிப்பது அதுதான். ஆகவே இந்தக் கடிதம்.

மாலத்தீவு சின்ன நாடு என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். நிலம் சின்னதுதான், கடல் சின்னதல்ல. ஏறத்தாழ 1,200 தீவுகள் வடகோடியிலிருந்து தென்கோடி வரை 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் உள்ளூர் மக்கள் ஊராக வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில். அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கால் மணி நேரத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துவிடக்கூடிய ஊரிலும் பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கு உள்ளூர் ஆசிரியர்கள் போதாததால்தான் பல்லாண்டுகளாக நம்மவர்கள் இங்கே வருகிறார்கள்.

தலைநகர் மாலேயில் வேலை கிடைத்தவர், 2018இல் திறந்த சினமாலே பாலத்தின் வழியாகப் பஸ்ஸிலேயே விமான நிலையம் போய்விடலாம். நான் இருப்பது தெற்கே, ஹுவதூ என்ற பெரும் பவளத்தீவுக் கூட்டத்தின் தென்பாதியான காஃபு தாலுவில். மாலேயிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். உள்நாட்டு விமானத்தில் காடெத்தூவில் இறங்கி, அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். கடல் ஒத்துழைத்தால் அன்றே ஊர் போய்ச் சேரலாம். என்னை வேலைக்குச் சேர்த்த முகவர் "மாலேக்குப் பக்கம்தான்" என்றே சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தில் நாட்டின் பெயரும் அமைச்சகத்தின் பெயரும் இருந்தன. தீவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. உள்நாட்டு விமானத்துக்கான டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோதுதான் ஊரின் பெயரையே முதன்முதலாகப் படித்தேன்.

தூரம் என்பது வந்து சேரும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டிலிருந்து மருத்துவம் வரை எல்லாவற்றிலும் அது குறுக்கிடும். காய்கறிகளில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து மாலேக்கு வந்து, அங்கிருந்து சரக்குப் படகில் எங்களுக்கு வர வேண்டும். வழியில் லாமு தீவுக் கூட்டத்துக்கும் ஹுவதூவுக்கும் நடுவே ஒன்றரை டிகிரிக் கால்வாய் என்ற அகன்ற கடற்பரப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு தாமதமானால் முதலில் தக்காளி காணாமல் போகும், பிறகு பச்சை மிளகாய், பிறகு வெங்காயம். மீன் சாப்பிடுபவருக்குக் கவலையில்லை. தூண்டிலில் பிடித்த சூரை மீன் அன்றன்றைக்குக் கரைக்கு வந்துவிடும். அதைத் தெளிவாகக் கொதிக்கவைத்த கருதியா என்ற சாறும் சோறும், பிழிந்துகொள்ள எலுமிச்சையும் கடித்துக்கொள்ள மிளகாயும் இருந்தால் இங்கே முழுச் சாப்பாடு. சைவ உணவுக்காரர் பருப்பையும் முருங்கைக் கீரையையும் ஈரப்பலாவையும் நம்பித்தான் இருக்க வேண்டும். முடியும், ஆனால் முன்பே தெரிந்து மனத்தையும் பெட்டியையும் தயார் செய்துகொண்டு வருபவர்களால் முடியும்.

விடுமுறைகூடப் படகின் கையில்தான் இருக்கிறது. இங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடிகிறது. வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் ஞாயிறன்று நான் காலை ஏழு மணிக்கு வகுப்பில் நிற்பேன். வெள்ளி, சனி விடுமுறை என்றாலும் வெள்ளியன்று எங்கள் பக்கம் ஃபெரி கிடையாது. மீதி இருப்பது சனிக்கிழமை. அன்றைக்கு வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை விட்டிருந்தால் அதுவும் போயிற்று. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற அந்த வரிசையைத் தீவில் குழந்தைகூடச் சொல்லும். அண்மை ஆண்டுகளில் அரசு பல தீவுக் கூட்டங்களில் ராஜ்ஜே டிரான்ஸ்போர்ட் லிங்க் என்ற விரைவுப் படகுச் சேவையைத் தொடங்கியிருப்பது பெரிய உதவி. அந்தப் படகு நிற்கும் ஊரா, நிற்காத ஊரா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பட்டதாரிக்கு உரிமை இல்லையா?

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் அதை இந்திய ரூபாயில் மாற்றிக் கவர்ச்சியாகப் போடுகிறார்கள். உண்மையில் கையில் கிடைப்பது மாலத்தீவு ரூபியா. டாலருக்கு 15.42 ரூபியா என்பது அதிகாரபூர்வ விலை. அந்த விலையில் வங்கியில் டாலர் கிடைப்பது அரிது, வெளியே வாங்கினால் விலை கூடுதல். டாலர் தட்டுப்பாடு இந்த நாட்டில் நெடுநாளாக இருப்பது, முகவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. அதிகாரபூர்வ விலையில் கணக்குப் போட்டுக் காட்டி, வீட்டுக் கடனை இத்தனை மாதத்தில் அடைத்துவிடலாம் என்று பெற்றோரிடம் சொல்வது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. தாங்கள் சேர்த்த பணத்தையும் வாங்கிய கடனையும் வைத்து அனுப்பி வைக்கிற குடும்பங்கள் அவை. மாதா மாதம் அனுப்பக்கூடிய தொகை உண்மையில் எவ்வளவு என்பதை இங்கே வேலை பார்க்கும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் கடன் வாங்க வேண்டும்.

முகவர் கட்டணமும் அப்படியே. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலை தேடித் தருவதற்காக வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டு வந்து, ரசீதுகூட இல்லாமல் இருக்கும் இளம் ஆசிரியர்களை இங்கே பார்த்திருக்கிறேன். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

மதம் குறித்தும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டும்போது தெரியவருவது நல்லதல்ல. இஸ்லாம் இந்த நாட்டின் அரசு மதம். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரத் தடை உண்டு, மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் தடை உண்டு. பொது இடத்தில் பிற மத வழிபாடு கூடாது. என் அறைக்குள் நான் கண்ணை மூடிக் கும்பிடுவதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும், பிறர் பார்க்கச் சாப்பிடக் கூடாது. இவை அவர்கள் வீட்டு ஒழுங்கு. விருந்தாளியாக வந்த நான் அதன்படி நடக்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தபின் வர முடிவெடுப்பது வேறு, வந்தபின் தெரிந்துகொள்வது வேறு.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் வரவேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. வர வேண்டும். நல்ல ஆசிரியர்கள் வர வேண்டும். அதற்கு என் வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள்.

பத்தாம் வகுப்புக்குத் திசைக்கோணக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு துறைமுகத்திலிருந்து வடக்கிலிருந்து 60 டிகிரி திசையில் படகு 8 கிலோமீட்டர் போகிறது, பிறகு திரும்புகிறது, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற வழக்கமான கணக்கு. பின் வரிசையில் ஒரு பையன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "நீரோட்டம் எந்தப் பக்கம், மிஸ்?" கணக்கில் நீரோட்டம் இல்லை என்றேன். நீரோட்டம் இல்லாத கடல் எங்கே இருக்கிறது என்று அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். அவன் அப்பா மீன்பிடி தோணியில் போகிறவர். பக்கத்தில் இருந்த பெண் எழுந்துவந்து கரும்பலகையில் தீவை வரைந்து, இந்த மாதத்தில் நீர் எப்படி இழுக்கும் என்று அம்புக்குறி போட்டாள். அந்த அம்பையும் படகின் திசையையும் கூட்டினால் படகு உண்மையில் எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். வெக்டர் கூட்டலை மறுவாரம் தொடங்குவதாக இருந்தேன். அன்றைக்கே தொடங்கிவிட்டோம். மணி அடித்தும் மூன்று பேர் எழுந்து போகவில்லை.

எங்கள் பகுதியில் கத்தூ என்ற தீவு துண்டு குனா என்ற கோரைப் பாய்க்குப் பேர்போனது. ஒரு சனிக்கிழமை மாணவி ஒருத்தியின் பாட்டி நெய்வதைப் போய்ப் பார்த்தேன். தரையோடு தரையாகத் தறி. பக்கத்தில் கறுப்பும் பழுப்பும் சாயமேறாததுமாகக் கோரைக் கட்டுகள். எதிரே வரைபடம் கிடையாது, எண்ணிக்கையை எழுதி வைத்த தாள் கிடையாது. நடுக்கோட்டின் இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே வந்துகொண்டிருந்தது. சமச்சீர் பாடத்துக்கு இப்போது அந்தப் பாயின் ஒரு துண்டைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

ஊரார் நல்லவர்கள். வீட்டுக்காரம்மாவை இங்கத்து வழக்கப்படி தத்தா என்றுதான், அதாவது அக்கா என்றுதான், கூப்பிடுகிறேன். காய்ச்சலில் நான் படுத்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். அங்கே இருந்த மருத்துவரும் என்னைப் போல் வெளிநாட்டிலிருந்து வந்தவர். 14ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவுகளுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை இங்கேயே தங்கவைத்து நீதிபதியாக்கினார்கள். வெளியிலிருந்து வந்தவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கும் வழக்கம் இங்கே அவ்வளவு பழையது.

காய்ச்சலுக்குச் சுகாதார நிலையம் போதும். அதைவிடப் பெரிதாக ஏதாவது என்றால் பெரிய மருத்துவமனை உள்ள தீவுக்கு, சில நேரம் மாலேக்கே, போக வேண்டும். ஆசந்தா என்ற அரசு மருத்துவக் காப்பீடு குடிமக்களுக்கு மட்டும். நமக்குத் தனிக் காப்பீடு. அது தீவிலிருந்து தீவுக்கு நோயாளியைக் கொண்டுபோகும் செலவை ஏற்குமா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, நீரிழிவு போன்ற தொடர் சிகிச்சை வேண்டியவர்களுக்குத் தீவின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கோரிக்கை இதுதான். ஆசிரியர் வேலை விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்கும்போது முகவரின் பதிவு எண்ணையும் தீவின் பெயரையும் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும். தீவு இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையே அச்சில் போடட்டும். வெளியுறவு அமைச்சகமும் மாலத்தீவுக் கல்வி அமைச்சகமும், பணியிடத் தீவும் தங்குமிட ஏற்பாடும் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். பெற்றோர்களும் மகனையோ மகளையோ அனுப்புமுன் முகவரிடம் வரைபடத்தை விரித்துத் தீவைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த நாட்களில் படகு உண்டு, வீட்டு வாடகை யார் பொறுப்பு, ஆண்டு விடுமுறைக்குக் கொடுக்கும் டிக்கெட் மாலே வரையா, தீவு வரையா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாலேயிலிருந்து தீவுக்குப் போய்வரும் செலவைச் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்த ஆசிரியர்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
காஃபு தாலு, மாலத்தீவு.