மாமா, அந்தச் சவுடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நிலத்தில் சவுடு, அதாவது பள்ளம் நிரப்பக் கொட்டுகிற மண், அள்ளிக்கொள்கிறோம் என்று குவாரிக்காரர்கள் ஒப்பந்தம் கேட்கிறார்களே, போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசலாம் மாப்ளே" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வைகைக் கரையில் பட்டா நிலம் வைத்திருக்கிற எத்தனையோ பேரிடம் இதே மாதிரித் தாளை நீட்டுகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்றடிதான் தோண்டுவோம், மேல்மண்ணை மட்டும் வழித்துக்கொண்டு நிலத்தைச் சமப்படுத்திக் கொடுத்துவிடுவோம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமா, அந்த நிலத்தில் நீங்கள் போர் போட்டபோது நானும் கூட நின்றேன். இடுப்பளவுக்குத்தான் வண்டல். அதற்குக் கீழே வந்ததெல்லாம் மணல், இப்போது ஆற்றில் கிடப்பதைவிடச் சுத்தமான மணல், உள்ளங்கையில் வைத்தால் ஈரம் ஒட்டியது. பள்ளம் நிரப்பக் கொட்டுகிற சவுடுக்காகவா ஒருத்தர் இவ்வளவு முன்பணம் தருவார்? அவர்களுக்கு வேண்டியது அந்த மணல். சவுடு என்பது பெர்மிட்டில் எழுத ஒரு பெயர், அவ்வளவுதான்.

இது நான் மட்டும் சொல்வதில்லை. பட்டா நிலத்தில் சவுடு என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஆற்று மணலை அள்ளுகிறார்கள் என்று நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து வழக்கு மேல் வழக்காகப் போய், 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்து அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், சவுடு மாதிரி பொதுப்பெயர்களில் குவாரி அனுமதி தரக் கூடாது. உங்களிடம் வந்தவர்கள் அந்தச் சோதனை முடிவைக் காட்டினார்களா? கேட்டுப் பாருங்கள்.

சரி, மணல் போனால் என்ன, நம் நிலம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நிலம் உங்களுடையதுதான். ஆனால் அடியில் இருக்கிற தண்ணீருக்கு சர்வே கல் கிடையாதே. வைகையில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கொஞ்ச நாளில் பக்கவாட்டில் மணலுக்குள் இறங்கி நிற்கிற தண்ணீரைத்தான் மிச்ச மாதமெல்லாம் ஊர் மோட்டார் இழுக்கிறது. மணலில் கால்பங்குக்கு மேல் வெறும் இடுக்குதான், அந்த இடுக்குதான் நமக்குத் தொட்டி. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. தண்ணீர் ஊறி நிற்கிற மணலாக இருந்தால் அதற்குள் எழுநூறு எண்ணூறு லிட்டர் இருக்கும். ஒரு டிப்பருக்கு எத்தனை யூனிட், ஒரு ராத்திரிக்கு எத்தனை டிப்பர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போன மணல் நம் காலத்தில் திரும்ப வராது.

குழி ஊற்று மட்டத்துக்குக் கீழே போனதும் இன்னொன்று நடக்கும். சுரக்கிற தண்ணீரை இறைத்து வெளியே விட்டால்தான் பொக்லைன் உள்ளே நின்று அள்ள முடியும். அப்படி இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள கிணறுகளில் இருக்கிற தண்ணீரெல்லாம் குழியைப் பார்த்து இறங்கும். அத்தையின் ஊரில் இதுதான் நடந்தது. குழிக்குப் பக்கத்துத் தோப்பில் மோட்டார் காற்று வாங்க ஆரம்பித்தது, கோடையில் தெருக்குழாயில் வந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. மழைக்காலத்தில் அந்தக் குழி நிரம்பி நிற்கிறது, பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளை நினைத்து அத்தை இன்னமும் பயந்துகொண்டுதான் இருக்கிறாள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருமே என்று பெரியவர் ஒருத்தர் டீக்கடையில் சொன்னாராம். அந்தத் தண்ணீரையும் திருச்சிப் பக்கம் ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கித்தான் எடுக்கிறார்கள் மாமா. கீழடியில் உறைகிணறு தோண்டி எடுத்தார்களே, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களும் இந்த வைகைக்கரை ஊற்றைத்தான் குடித்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது வட்டியோடு ஏறிக்கொண்டே போகிறது, நிலத்தில் இரண்டு வருஷமாக வெள்ளாமை சரியில்லை, இந்த நிலைமையில் கையில் காசு வைத்து நீட்டினால் யாருக்கும் தடுமாறும். அதனால்தான் வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசினோம். நாலு பேர் சேர்ந்து அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறோம், மூன்று வருஷக் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். குவாரிக்காரர் சொன்ன தொகை அளவுக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷம் கழித்து நிலம் நிலமாகவே உங்கள் கைக்கு வரும்.

எதிர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர்களுக்கு மேலிடம் வரை ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள். தாமிரபரணி மணலுக்காக 2010-இல் இதே மதுரைக் கிளையில் நல்லகண்ணு ஐயா தானே வழக்காடித் தடை வாங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை, நிலத்துக்காரர் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

மார்ச் 22 கிராம சபையில் இதைப் பேசப்போகிறோம். அதற்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். அந்த ஒப்பந்தத் தாளையும் எடுத்து வாருங்கள், வக்கீல் ஒருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வரிவரியாகப் படித்துச் சொல்வார். முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்க வழி பார்க்கலாம்.

உங்கள் மருமகன்