செயலாளர் அறிக்கை 2025: பிள்ளை "நோகுது" என்று சொன்னால்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாணவ விளையாட்டு வீரர்களின் பெற்றோர் சங்கமாகிய எமது சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை இந்தச் சபையில் வாசிக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கடைசி ஞாயிறு மாலையில் கூடியது. நவம்பரில் மட்டும் மழையால் கூட்டம் தள்ளிப் போனது. கணக்கறிக்கையைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். பதக்கங்களின் விபரம் பாடசாலை மலரில் வருகிறது, அதனால் இங்கே மறுபடி வாசிக்கவில்லை.

இம்முறை பிள்ளைகளின் உடம்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இந்த வருடம் எமக்குத் தெரிய வந்த காயங்களைச் செயற்குழுவில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். விழுந்த நேரத்தில் பட்டதை விட, விழுந்த பிறகு பெரியவர்கள் நாங்கள் அவசரப்பட்டதாலும் அசட்டையாக இருந்ததாலும் பட்ட பாடுதான் பெரிது என்பது அந்தப் பேச்சில் தெளிவாகியது. முதலில் என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் மகனுக்கு வயது 13. பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது நீளம் பாய்தல் பயிற்சியில் கால் பிரண்டுவிட்டது. "அம்மா, கால் நோகுது" என்று நொண்டிக்கொண்டு வந்தான். சுளுக்குத்தானே என்று எண்ணெய் காய்ச்சிச் சூட்டோடு பூசி உருவினேன். விடிய எழும்பிப் பார்த்தால் கால் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. மறுபடியும் உருவினேன். போட்டியன்று சித்தாலேப நோக்களிம்பு பூசி, துணி சுற்றி, ஓட அனுப்பினேன். ஓடினான், நான்காவதாக வந்தான். அதற்குப் பிறகுதான் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்தபோது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில், வளர்ச்சித் தட்டு இருக்கிற இடத்தில், வெடிப்பு. பிளாஸ்டர் கட்டினார்கள். ஒரு கிழமை முழுக்க அவன் நோகுது என்று சொல்லியும் நான் கேட்கவில்லை. இதைச் சபையில் சொல்வது எனக்கு இலகு இல்லை. ஆனாலும் இன்னொரு தாய் இதைச் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வைத்தியர் விளங்கப்படுத்தியது இதுதான். வளரும் பிள்ளையின் நீள எலும்புகளின் நுனிக்குக் கிட்ட மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். பெரியவருக்குக் கால் பிரண்டால் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்தான் முதலில் இழுபடும். பிள்ளைக்கு அந்தத் தட்டு தசைநாரை விடப் பலவீனமானதால் அது விட்டுக்கொடுத்துவிடலாம். வெளியில் பார்க்க இரண்டும் ஒரே வீக்கம்தான். கவனிக்காமல் விட்டால் சில வேளைகளில் அந்த எலும்பு கோணலாகவோ கட்டையாகவோ வளரக்கூடும். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதளவிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதளவிலும்தான் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மூடுகின்றன. அதாவது பாடசாலை அணிகளில் ஆடும் பிள்ளைகளில் மிகப் பலருக்கு அவை இன்னும் திறந்தே இருக்கின்றன.

ஆகவே எதை எப்போது காட்டுவது என்று கேட்டு எழுதி வைத்தோம். கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தினால் நோகிறதா, அல்லது விழுந்த உடனும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அன்றைக்கே. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூட்டு எண்ணெய், ஒத்தடம், உருவுதல் எதுவும் வேண்டாம், அவை உள்ளே இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. தோலில் நேரே வைக்கக் கூடாது. எலாஸ்டிக் பண்டேஜ் சுற்றினால் விரல் நுனிகளைப் பாருங்கள், குளிர்ந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் உடனே தளர்த்துங்கள். காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள்.

முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரிடம் புக்கை, அதாவது மருந்துப் பற்று, கட்டுவது எங்கள் ஊரில் தலைமுறைகளாக வரும் வழக்கம். செயற்குழுவில் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம், கொஞ்சம் சூடாகவும் பேசினோம். அந்த வைத்தியத்தை நம்புகிறவர்களைத் தடுக்க எமக்கு எண்ணமில்லை. எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கை வைக்கும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது என்று முடிவெடுத்தோம். எலும்பு விலகியிருக்கிறதா என்று தெரியாமல் இழுத்துக் கட்டிவிட வேண்டாம்.

விழாமலே வரும் நோவும் உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்து நோவதும், குதிக்காலின் பின்பக்கம் நோவதும் வளரும் வயதில் ஓடிப் பாயும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருபவை. "வளருகிற நோ, சரியாகிவிடும்" என்கிறோம். பெரும்பாலும் சரியாகும்தான், ஆனால் பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறைத்தால்தான் கெதியாக ஆறும். நித்திரையை முறிக்கும் நோ, அடிபடாமலே வரும் வீக்கம், காய்ச்சலோடு சேர்ந்த எலும்பு நோ ஆகியவை வேறு. இவற்றுக்கு ஒரு கிழமை கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது தலை. துடுப்பாட்டப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்குப் பந்து காதுக்கு மேலே பட்டது. மயக்கம் போடவில்லை. "நான் ஓகே" என்று சொல்லி மறுபடி துடுப்பைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சத்தி எடுத்த பிறகுதான் பெற்றோருக்கு விஷயமே தெரிந்தது. நல்ல காலம், வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். மூளை குலுங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்கம் வருவதே இல்லை என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தலையிடி, தலைசுற்று, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் பிடிக்காமை, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலே அன்றைய விளையாட்டு முடிந்தது. சர்வதேசத் துடுப்பாட்டத்திலேயே தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆளை இறக்க 2019 முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். வடக்கின் பெரும் போர் என்னும் பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டியைப் பார்க்க வந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் வெளியே வர எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அதனால்தான் அந்த முடிவைப் பிள்ளையிடம் விடக் கூடாது என்கிறோம்.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, கை கால் சோர்வு இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டி, ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்து, முதலில் படிப்புக்கும் பிறகு விளையாட்டுக்கும் படிப்படியாகத் திரும்ப வேண்டும். மெதுவான நடை, ஓட்டம், ஆள் மோதாத பயிற்சி, வைத்தியர் சம்மதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் வேண்டும். நோக்காடு கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான்கு கிழமை வரை எடுப்பது வழமை.

வெயிலைப் பற்றி. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்த செய்தி எங்கள் எல்லோரையும் உலுக்கியது. எங்கள் பிள்ளைகளும் அதே மாதத்தில்தான் ஓடுகிறார்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வந்துவிடும். வீதியோட்டத்தைக் காலை ஆறரை மணிக்கு முன் தொடங்க வேண்டும், பாதையில் தண்ணீரும் முதலுதவி தெரிந்தவர்களும் நிற்க வேண்டும், கடைசிப் பிள்ளை வந்து சேரும் வரை வாகனம் ஒன்று பின்னால் வர வேண்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டோம். மூன்றையும் ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

ஓடும் பிள்ளை பிதற்றினாலோ, தள்ளாடி விழுந்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கம். உள் உடம்பின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். 1990க்கு ஒருவர் அழைக்க, மற்றவர்கள் பிள்ளையை நிழலில் கிடத்தி, ஐஸ் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கைக்கு வந்ததை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். வாகனம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாதாரண நாட்களில் தண்ணீரும், நீண்ட பயிற்சிக்கு உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் போதும். ஜீவனி என்னும் உப்புச் சீனிக் கரைசல் மாவைக் கரைத்தால் பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கூட்டிக் குறைக்கக் கூடாது.

எங்கள் விளையாட்டுப் பருவம் டெங்குக் காலத்தின் வாலில்தான் தொடங்குகிறது. மழை முடிந்த தை, மாசியில் காய்ச்சல் வந்த பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். டெங்குக் காய்ச்சல் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் விடும்போதுதான் ஆபத்தான கட்டம் வருகிறது. பரசிற்றமோல் தவிர வேறு நோ மாத்திரை கொடுக்க வேண்டாம். காலில் அடிபட்டபோது மிஞ்சிய குளிசைகளை எடுத்துக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள், டெங்கில் அது இரத்தக் கசிவைக் கூட்டும். போட்டிக்கு முன் நோ மாத்திரை கொடுத்து ஆட விடுவதையும் சங்கம் ஏற்காது. நோவை மறைத்து ஓடினால் காயம் பெரிதாகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மாருடன் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம். அதுதான் இந்த வருடத்தில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த கூட்டம். வலைப்பந்தாட்டத்தில் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி நிற்கும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று திட்டியிருக்கிறோம். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் குறைவு. பாடசாலையில் கிழமைக்கு ஒரு தடவை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று எறிந்துவிடுகிறார்களாம். சாப்பிட்ட பிறகு எடுத்தால் அந்தப் பிரட்டல் குறையும். சோற்றோடு தேநீர் குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உழைக்கும் அளவுக்குச் சாப்பாடு போதாதபோது மாதவிடாய் அப்படி நிற்கும், எலும்பும் பலவீனமாகும்.

இதோடு இன்னொன்றும் பேசப்பட்டது. விடிய ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு பயிற்சி, பிறகு பாடசாலை, பின்னேரம் மறுபடி மைதானம், அங்கிருந்து சைக்கிளில் ரியூசன், இரவு பத்தரைக்குச் சாப்பாடு. பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும். இந்த நேர அட்டவணையில் அது எங்கே இருக்கிறது? விடியப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வாழைப்பழமாவது கொடுத்து அனுப்புங்கள். பயிற்சி உள்ள நாளில் இரவு ரியூசனை விடுவதா என்பதை ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் விட்டிருக்கிறோம்.

சின்ன விஷயங்கள் சில. விழுந்து முன்பல் கழன்றால், அது நிலைத்த பல் என்றால், வேரைத் தொடாமல் கடிக்கும் பக்கத்தில் பிடித்து, பாலில் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. மூக்கால் இரத்தம் வந்தால் தலையை முன்னுக்குச் சரித்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் பொத்திப் பிடியுங்கள். மைதானத்தில் கிழிபட்ட காயத்துக்கு ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) வேண்டுமா என்று பார்க்கத் தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். தசை பெருக்கும் மாவுகளை யார் சொன்னாலும் வாங்க வேண்டாம், தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால் குற்றம் ஆடியவர் மேலேயே விழும்.

முதலுதவிப் பைகள் இரண்டு வாங்கினோம். கத்தரிக்கோல், பண்டேஜ், கையுறை, ஜீவனி, முக்கோணத் துணி, ஐஸ் பெட்டி எல்லாம் அவற்றில் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தங்கள் இன்ஹேலரை வீட்டில் விட்டுவிட்டு வருவது இன்னும் நிற்கவில்லை. அதைப் பையோடு கட்டி அனுப்ப வேண்டியது பெற்றோரின் வேலை.

செய்ய முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவரை மைதானத்துக்கு அனுப்பும்படி ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். பதில் இல்லை. நேரில் போனபோது வேறு அலுவலகத்தைக் காட்டினார்கள். காயப்பட்ட பிள்ளைகள் பிளாஸ்டர் வெட்டிய அடுத்த கிழமையே ஓடி மறுபடி விழுவதற்கு இதுவும் காரணம் என்பதால் இந்த முயற்சியை விடப் போவதில்லை.

நவம்பருக்குப் பதிலாக வைத்த கூட்டத்தில் ஒரு தந்தை, "போட்டி வருடத்துக்கு ஒன்றுதானே, விட்டால் போய்விடும்" என்றார். அவரது கவலை எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 2009இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடினார், 2022இல் வென்ற அணியிலும் ஆடினார். இடையில் 13 ஆண்டுகள். ஓர் இல்லப் போட்டிக்காக 13 வயதுப் பிள்ளையின் கணுக்காலைக் கொடுக்கப் போன தாய் நான் என்பதால், அந்த 13 ஆண்டுகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகளைச் செயற்குழு சபையின் முன் வைக்கிறது. காயப்பட்ட பிள்ளை திரும்பி ஆடுவதற்கு வைத்தியரின் எழுத்தும் பெற்றோரின் ஒப்பமும் கட்டாயமாக வேண்டும். தை மாதத்துக்குள் பெற்றோர் இருபது பேருக்காவது இதய அமுக்கம் (CPR) உட்பட முதலுதவிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை, ஆஸ்துமா, பழைய காயம், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை ஒன்று பயிற்றுநரிடம் இருக்க வேண்டும்.

தாய்மார் கூட்டத்துக்குச் சம்பளமின்றி வந்து பேசிய வைத்தியருக்கும், வெயிலில் எங்களோடு நின்ற ஆசிரியர்களுக்கும், பாதையில் தண்ணீர் வைத்த அயலவர்களுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையையும் முன்மொழிவுகளையும் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்