தம்பி, டொமைன் இன்றே வாங்குங்கள், இணையதளம் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

தையல் மெஷின் பழுதுகளைப் பற்றி நீங்கள் போடும் வீடியோக்களுக்குக் கீழே, "அண்ணா, இதையெல்லாம் ஒரு வெப்சைட்டில் போட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நீங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொமைன் பெயரை, அதாவது உங்களுக்கென்று ஒரு சொந்த இணைய முகவரியை, இந்த வாரமே வாங்குங்கள், அதில் ஒரே ஒரு பக்கம் வையுங்கள். முழு இணையதளம் கட்டுவதை, வீடியோவால் முடியாத வேலை ஒன்று வந்து நிற்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

வெப்சைட் இருந்தால் கூகுளில் வியூஸ் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். யூடியூப் வீடியோவை உங்கள் பக்கத்தில் ஒட்டி, மேலே நான்கு வரி எழுதிவைத்தால் கூகுள் பெரும்பாலும் யூடியூப் பக்கத்தைத்தான் காட்டும். அதோடு, 2023 டிசம்பரிலிருந்து கூகுள் தேடலின் வீடியோ பகுதியில், வீடியோவே முதன்மையாக இருக்கும் பக்கங்கள்தான் வருகின்றன. கட்டுரைக்கு நடுவே செருகிய வீடியோவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே வீடியோ தேடுகிறவர் உங்கள் தளத்துக்கு வரமாட்டார். எழுத்தில் விடை தேடுகிறவர்தான் வருவார். அவருக்குக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதற்கு ஒரு மாலை நேரம் போதும். கடைசி இருபது வீடியோக்களின் கமெண்ட்களைத் திறந்து, கேள்விகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வீடியோவிலேயே பதில் இருந்தும் கேட்கப்பட்டவை, எந்த வீடியோவிலும் பதில் இல்லாதவை, உதிரிபாகம் எங்கே கிடைக்கும், நேரில் வருவீர்களா, வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்பவை.

முதல் குவியலைப் பார்த்ததும் வெப்சைட் கட்டத் தோன்றும். பொறுங்கள். "அடியில் நூல் கொத்தாகச் சுருளுது" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிரஷர் ஃபுட்டை இறக்கிவைத்தபடி நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், மேல் நூல் நடுவே உட்காராது. இதை நீங்கள் வீடியோவின் ஏழாம் நிமிடத்தில் சொல்லியிருந்தால், அதுவரை பார்க்காதவர் கேட்கத்தான் செய்வார். சாப்டர் போடுங்கள், அதாவது வீடியோவை நேரக்குறிகளால் பகுதிகளாகப் பிரியுங்கள். டிஸ்கிரிப்ஷனில் முதல் நேரக்குறி 00:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொரு சாப்டரும் குறைந்தது 10 விநாடி நீளவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் நீங்கள் எழுதிய சாப்டர்கள் தோன்றாது. விடையின் நேரத்தைக் கமெண்டில் எழுதி, அந்தக் கமெண்ட் எப்போதும் மேலே நிற்கும்படி வையுங்கள். இதற்கே முதல் குவியல் கணிசமாகக் குறைந்துவிடும். இரண்டாவது குவியல் உங்கள் அடுத்த வீடியோக்களுக்கான பட்டியல். அதற்கும் வெப்சைட் தேவையில்லை. மூன்றாவது குவியலுக்குப் பின்னால் சொல்லப்போகும் கடை லிங்கும் தொடர்பு மின்னஞ்சலும் போதும்.

இவ்வளவு செய்த பிறகும் மிஞ்சுவதுதான் வெப்சைட்டின் வேலை. அது பெரும்பாலும் அட்டவணையாக இருக்கும். மெல்லிய துணிக்கு 75/11 அளவு ஊசி, நடுத்தரத்துக்கு 90/14, கனமானதற்கு 100/16, ஜீன்ஸ் போன்றதற்கு 110/18. வீட்டு மெஷின் ஊசியின் காம்பில் ஒரு பக்கம் தட்டை, தொழிற்சாலை மெஷின் ஊசியின் காம்பு உருண்டை. மெஷின் முன்னால் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர் இதைத் தெரிந்துகொள்ள வீடியோவை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க முடியாது. பழுதின் அறிகுறி, எந்த வரிசையில் எதைச் சரிபார்ப்பது, அந்த விநாடியிலேயே வீடியோவைத் திறக்கும் லிங்க் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தில் இருந்தால் அவர் அதைச் சேமித்து வைப்பார். தானியங்கிச் சப்டைட்டிலை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள். பேச்சில் "இதை இப்படித் திருப்பி" என்றால் கை காட்டுகிறது. எழுத்தில் எதை, எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் புரியும்.

இனி டொமைன். வெப்சைட் காத்திருக்கலாம், பெயர் காத்திருக்காது. நீங்கள் விரும்பும் பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால் அதோடு முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்டிலும் போடும் லிங்குகளைத் தட்டினால் திறக்காது. உங்கள் சொந்த வீடியோ ஒன்றை இணைக்க வழி இருக்கிறது, வெளி முகவரிக்குப் பொதுவாக இல்லை. ஆகவே ஷார்ட்ஸில் முகவரியை வாயால் சொல்லித் திரையில் எழுதிக் காட்ட வேண்டும். காதால் கேட்டுத் தட்டச்சு செய்யக்கூடிய பெயராக இருப்பது அதனால்தான் முக்கியம்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். ழகரம் இருந்தால் ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தகரத்துக்கு டி-எச்சா, டி மட்டுமா என்ற குழப்பம் வரும். நெடிலுக்கு இரண்டு ஏ போடுவாரும் உண்டு, ஒன்றோடு நிறுத்துவாரும் உண்டு. நான்கு பேரிடம் போனில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நால்வரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயரை வாங்கலாம். நடுவே கோடும் எண்ணும் வேண்டாம். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கவும் வழி உண்டு. ஆனால் பல செயலிகளில் நகலெடுத்து ஒட்டினால் அது புரியாத ஆங்கில எழுத்துச் சரமாக மாறிவிடும். அதை முதன்மை முகவரியாக வைக்காமல், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனால் உடனே கிடைக்கும் பெரிய பயன் பக்கம் கட்டுவதுகூட அல்ல, திருப்பிவிடும் லிங்க். உதிரிபாகக் கடையின் நேரடி லிங்கை நூறு வீடியோக்களில் போட்டிருக்கிறீர்கள், அந்தக் கடை மூடிவிட்டது என்றால் நூறு டிஸ்கிரிப்ஷன்களைத் திருத்தவேண்டும். அதற்குப் பதில் உங்கள் டொமைனில் "ஊசி" என்று ஒரு குறுமுகவரி வைத்து, அதிலிருந்து கடைக்குத் திருப்பிவிடுங்கள் (முகவரியில் இந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்). கடை மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். அமைக்கும்போது 302 என்ற தற்காலிகத் திருப்பலைத் தேர்ந்தெடுங்கள். நிரந்தரமான 301 போட்டால் பார்வையாளரின் பிரவுசர் பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் மாற்றிய பிறகும் அவரைப் பழைய கடைக்கே அனுப்பும்.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்குங்கள். டிசைன் செய்து தருகிறவர் "நானே வாங்கிவிடுகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். அவரோடு மனத்தாங்கல் வந்தால் முகவரியும் போய்விடும். அந்தக் கணக்குக்கு அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் செயலிழந்தால் அதை மீட்கும் கடிதமும் உங்களுக்கு வராது. இருபடிச் சரிபார்ப்பையும் தானாகப் புதுப்பித்தலையும் இயக்கிவையுங்கள், கார்டு காலாவதியாகும் மாதத்தைக் குறித்துவையுங்கள். டாட் காம் போன்றவை காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் வழக்கத்தைவிடப் பலமடங்கு இருக்கும்.

அந்த ஒற்றைப் பக்கத்தில் இவை போதும்: நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரி, புதியவர் முதலில் பார்க்கவேண்டிய ஐந்து வீடியோக்கள், தொடர்பு மின்னஞ்சல், மின்னஞ்சல் பட்டியலில் சேரும் கட்டம். இதற்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள் வேண்டாம். அதையும் பிளகின்கள் எனும் அதன் துணை நிரல்களையும் புதுப்பிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். மாதம் ஒரு கட்டுரையாவது எழுதினால்தான் அந்தப் பராமரிப்புக்கு அர்த்தம் உண்டு. ஒற்றைப் பக்கத்துக்கு ஸ்டேட்டிக் ஹோஸ்டிங், அதாவது பக்கத்தின் கோப்புகளை அப்படியே வைத்துக் காட்டும் சேவை, போதும். கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை 1 ஜிபி வரையான தளத்தை இலவசமாக வைத்துக்கொள்கிறது, மாதம் 100 ஜிபி தரவுப் போக்குவரத்து வரை தாங்கும், சொந்த டொமைனையும் இணைக்கலாம்.

வீடியோ கோப்பை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் 10 நிமிட வீடியோ சுமார் 600 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 600 ஜிபி. அதோடு, நெட் வேகம் குறைந்தால் தானாகத் தரத்தைக் குறைத்துக் கொடுக்கும் வேலையை யூடியூப் செய்கிறது, வெறும் கோப்பு செய்யாது. யூடியூப் பிளேயரையே ஒட்டினாலும் ஐந்தையும் வரிசையாக ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பிளேயரும் பல நூறு கிலோபைட் நிரலை இழுப்பதால் பழைய போனில் பக்கம் திணறும். படத்தை வைத்து, தட்டினால் வீடியோ திறக்கும்படி செய்யுங்கள்.

மின்னஞ்சல் பட்டியலை அலங்காரமாக நினைக்காதீர்கள். சப்ஸ்கிரைபர்களின் முகவரியை யூடியூப் உங்களுக்குத் தராது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (விதிமீறல் எச்சரிக்கை) வந்தால் சேனலே நீக்கப்படலாம். தளமே மூடப்படுவதும் உண்டு, 2017 ஜனவரியில் வைன் என்ற குறு வீடியோத் தளம் மூடப்பட்டது. அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் பார்வையாளர்களுக்குச் சொல்ல உங்களிடம் இருப்பது இந்தப் பட்டியல்தான். சேர்கிறவர் தன் மின்னஞ்சலுக்கு வரும் லிங்கைத் தட்டி உறுதிசெய்யும் முறையை வையுங்கள், போலி முகவரிகள் அதில் வடிந்துவிடும். கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்ட, அனுப்பும் சேவை தரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனின் அமைப்புப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் ஒன்றையாவது எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் கடிதம் ஸ்பாமுக்குப் போகலாம், ஏற்கப்படாமலும் போகலாம். மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கி உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊசி அட்டவணையை இரண்டாவது பக்கமாகப் போட்டு, உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள். அது இலவசம். புதுத் தளம் தேடலில் எழ மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். என்ன சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று அதில் தெரியும். அந்தச் சொற்களில் உங்களிடம் பக்கம் இல்லாத கேள்வி இருந்தால் அதுதான் மூன்றாவது பக்கம். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டு வீடியோ எடுக்கப் போங்கள்.

அன்புடன்.