ஸ்க்ரம்மை விடுங்கள், கடிகாரத்தைக் கவனியுங்கள்

உலக ரக்பி அமைப்பின் விதிக் குழுவினருக்கு,

வணக்கம். ஆட்டத்தில் விறுவிறுப்பு கூட வேண்டும் என்று விதிகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் உங்கள் கை, இரு அணியினரும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்மை நோக்கியே போகிறது. 2024 ஜூலையில், சிறு தவறுகளுக்குத் தரப்படும் ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமையை நீக்கினீர்கள். ஓடி ஆடும் அணிகளுக்கு இதனால் நன்மை என்று நினைத்திருந்தால், அந்தக் கணக்கு தப்பு.

மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 70 மீட்டர். ஸ்க்ரம்மில் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் ஒரே இடத்தில் பிணைந்துவிடுகிறார்கள். தடுக்கும் அணியில் மிச்சம் ஏழு பேர்தான். அவர்களில் ஸ்க்ரம் ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்தும் ரக்கிலிருந்தும் பந்தை எடுத்து ஆடுபவர்) பந்தருகே நிற்பார். மற்றவர்கள் ஸ்க்ரம்மில் தங்கள் அணியின் கடைசிக் காலுக்கு 5 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஓடுகிறவருக்கு இவ்வளவு இடம் வேறு எப்போது கிடைக்கும்? தரையில் கிடக்கும் பந்துக்காக வீரர்கள் நின்றபடி மோதும் ரக்கில் ஓரிருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மற்றவர்களை அகலத்துக்கும் சுவராக நிறுத்திவிடலாம்.

2015 உலகக் கோப்பையில், பிரைட்டனில் ஜப்பான் செய்ததைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 32-29 என முன்னிலை. கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்ட்டியைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்திருந்தால் சமன். ஜப்பான் ஸ்க்ரம் கேட்டது. அங்கிருந்து தொடங்கிய ஆட்டம் இடது மூலையில் ட்ரையாக (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் ஐந்து புள்ளி) முடிந்தது: 34-32. பெனால்ட்டியில் அந்த உரிமை இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

2023 இறுதிப் போட்டியையும் மறக்கவில்லை. மாற்று வீரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேரை, ஸ்க்ரம்மில் தள்ளும் ஃபார்வர்டுகளாக வைத்திருந்த தென்னாப்பிரிக்கா நான்கு பெனால்ட்டிகளால் 12-11 என வென்றது. ஒரே ட்ரையை அடித்தது, சிவப்பு அட்டையால் 14 பேராகக் குறைந்த நியூசிலாந்து. வென்றவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதற்கு எத்தனை புள்ளி என்று விதி சொல்கிறதோ, அதற்கேற்பத்தான் அணிகள் ஆடும்.

ஆகவே தடை போடுவதைவிட ஆசை காட்டுங்கள். உங்கள் 50:22 விதி அருமையானது. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு, எதிரணியின் 22 மீட்டர் பகுதிக்குள் பக்க எல்லைக்கோட்டைத் தாண்டினால், அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் லைன்அவுட்டில் பந்தை எறிவது உதைத்த அணியே. அதற்குப் பயந்து எதிரணியில் ஓரத்தில் ஆடும் விங்கர் பின்னால் இறங்குகிறார். தடுப்பு வரிசையில் ஓர் இடைவெளி திறக்கிறது.

ஆட்டத்தை உண்மையில் சாகடிப்பது வீணாகும் நேரம். ரக்குக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக வீரர்கள் கோத்துக்கொண்டு நீள்கிறார்கள். கடைசிக் காலடியில் பந்து சும்மா கிடக்க, ஸ்க்ரம் ஹாஃப் நிதானமாக, பந்தை உயர உதைக்கும் பாக்ஸ் கிக்குக்குத் தயாராகிறார். நடுவர் ‘யூஸ் இட்’ (பந்தை ஆடுங்கள்) என்றபின் 5 விநாடி என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் தாமதமாக வருகிறது. பந்து கிடைத்துவிட்டது என்று தெரிந்த கணமே குரல் வரட்டும்.

ஸ்க்ரம் சரிவதும் அப்படியே. முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ப்ராப் எதிராளியின் முதுகையோ பக்கவாட்டையோ பிடிக்காமல் கையைப் பிடித்து இழுத்தாலும், இடுப்பு தோளுக்கு மேலே போனாலும், பாதங்கள் மிகவும் பின்னால் இருந்தாலும் முன்வரிசை மூக்கடிபட விழும். மறுபடி கட்ட வேண்டும். கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும். முதல் சரிவிலேயே கடிகாரத்தை நிறுத்தி, பந்து உள்ளே போனதும் ஓடவிடுங்கள். முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஸ்க்ரம்மைச் சரித்து எந்த லாபமும் இருக்காது.