மேட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங்: பாகத்தை மாற்றுமுன் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2008-இல் பதிவான, டர்போ பொருத்திய 1.8 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை, 15 ஆண்டுகள் முடிந்தபின் பதிவைப் புதுப்பித்து இன்றும் ஓட்டி வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது அதில் தோன்றிய ஒரு கோளாறும், அதன் காரணம் தெரியவருவதற்குள் நான் பட்ட அலைச்சலும், இத்தகைய பழைய வண்டி வைத்திருப்போருக்கும் பழுது பார்ப்போருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சமதளச் சாலையில் வண்டி எந்தக் குறையும் காட்டாது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்து, எஞ்சின் நன்கு சூடேறிய பின், மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் 'மிஸ்ஸிங்' வரும், அதாவது ஏதாவதொரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறும்; வண்டி குலுங்கும், செக் எஞ்சின் விளக்கு சில நொடிகள் விட்டுவிட்டு மின்னும். மறுநாள் பட்டறையில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிட்டால் எல்லாம் சீராக இருக்கும். இரண்டு பட்டறைகளில், வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லாமலேயே, முதலில் ஸ்பார்க் பிளக்குகளையும், பிறகு பெட்ரோல் பம்பையும், அதன் பிறகு எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, கோளாறு போகவில்லை; பிளக் மாற்றியபின் கூடவே செய்தது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் அதில் பதிவாகியிருந்த கோளாறு எண்களைக் குறித்துக்கொள்ளாமலே அழித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். அந்த எண்ணுடன், கோளாறு நேர்ந்த நொடியில் எஞ்சினின் சுழற்சி வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவையும் காரின் கணினியில் பதிந்திருக்கும். அழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவதாக நான் அணுகிய மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு என்னுடன் மலையேறினார். மிஸ்ஸிங் வந்தவுடன் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்ற எண் வந்தது. ஓரமாக நிறுத்தி, எஞ்சின் சற்று ஆறியபின், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில்களில், மூன்றாவது சிலிண்டருக்குரியதை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றுக்கும் இடம் மாற்றினார், வேறெதையும் தொடவில்லை. மீண்டும் ஏறியபோது எண் பி0301 என மாறிற்று. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் பெயர்ந்ததால், பழுது காயிலில்தான் என்பது உறுதியாயிற்று. காயிலையும் பிளக்கையும் ஒன்றாக மாற்றியிருந்தால், இரண்டில் எது காரணம் என்று தெரிந்திருக்காது.

ஐடிலிங்கில் இது தெரியாததற்குக் காரணம் உண்டு. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது சிலிண்டரில் கலவை அடர்த்தியாகிறது. அந்த அடர்த்தியில் பிளக் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். நலிந்த காயில், அதுவும் சூடேறிய நிலையில், அதைத் தர இயலாமல் தவறுகிறது. முதல் பட்டறையில் போட்ட பிளக்குகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தபோது 1.1 மில்லிமீட்டர் இருந்தது. என் காரின் கையேடு கேட்பது 0.8 மட்டுமே. பிளக் மாற்றியபின் கோளாறு கூடியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

எல்லா வண்டிகளிலும் காயில்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர் ஹோஸ்கள் பழசாகி வெடித்திருந்தால், அழுத்தம் ஏறும்போது மட்டும் அந்த வெடிப்பு விரியும். சென்சார் அளந்து அனுப்பிய காற்று வெளியேற, பெட்ரோல் மிகுந்து மிஸ்ஸிங் வரும். இதைப் புகை செலுத்திச் சோதித்தால் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். இடம் மாற்றிய பின்னும் எண் அதே சிலிண்டரில் நின்றால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரெஷன் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. செக் எஞ்சின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய் வழியே சென்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கிவிடும். அதன் விலை காயிலின் விலையைவிடப் பல மடங்கு.

ஸ்கேனர் காட்டிய எண்ணையும், எதைச் சோதித்து இந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதையும் பில்லில் எழுதித் தந்து, கழற்றிய பாகத்தையும் உரிமையாளரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பட்டறைகள் மேற்கொள்ள வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சேலம்.