சிறைக்கு அனுப்பியது எந்த வழக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துருக்கியின் இஸ்தான்புல் நகர மேயர் எக்ரெம் இமாமோக்லு பயங்கரவாதக் குற்றச்சாட்டின் பேரில் சிறையில் அடைக்கப்பட்டதாகத் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் வந்திருந்தது. இது பிழை. 2025 மார்ச் 23 அன்று நீதிமன்றம் அவரைச் சிலிவ்ரி சிறைக்கு அனுப்பியது லஞ்சம், டெண்டர் முறைகேடு உள்ளிட்ட ஊழல் குற்றச்சாட்டுகளின் பேரில்தான். பயங்கரவாத அமைப்புக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட இன்னொரு வழக்கில், பலத்த சந்தேகம் இருப்பதாகக் குறிப்பிட்ட பிறகும், இப்போதைக்குக் காவல் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. வழக்கின் பெயர் மாறியதற்கு ஒரு கடிதமா என்று தங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இஸ்தான்புல்லை அடுத்து யார் நிர்வகிப்பது என்பதே அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் இருந்தது.

2016 ராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட அவசர ஆணையின்படி, பயங்கரவாத வழக்கில் பதவி நீக்கப்படும் மேயரின் இடத்தில் அரசே ஓர் ஆளை அமர்த்தலாம். அப்படி வருபவரைத் துருக்கியர்கள் ‘கய்யும்’ என்பார்கள். வேறு வழக்கென்றால் மாமன்ற உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். குர்து மக்கள் அதிகம் வாழும் தென்கிழக்கு நகரங்கள் கய்யும்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றன. இமாமோக்லு ஊழல் வழக்கில் மட்டும் சிறைக்குப் போனதால், மார்ச் 26 அன்று மாமன்றம் கூடி, அவருடைய குடியரசு மக்கள் கட்சியைச் சேர்ந்த நூரி அஸ்லானைப் பொறுப்பு மேயராகத் தேர்ந்தெடுத்தது. அதே நகரின் ஷிஷ்லி வட்டாரத்தில் மேயர் ரெசூல் எம்ரா ஷாஹான் பயங்கரவாத வழக்கில் சிறைக்குப் போனார். அங்கே கய்யும் வந்து அமர்ந்துவிட்டார்.

அந்தப் பயங்கரவாத வழக்கின் உள்ளடக்கம்தான் இன்னும் வியப்பானது. 2024 உள்ளாட்சித் தேர்தலில் குர்து ஆதரவுக் கட்சியான டெம் கட்சியோடு ‘நகர உடன்பாடு’ என்ற பெயரில் ஒத்துழைத்ததையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். டெம் கட்சி தடை செய்யப்பட்ட கட்சி அல்ல. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைக் கொண்ட கட்சி. 2025 பிப்ரவரி 27 அன்று, குர்து ஆயுத அமைப்பான பி.கே.கே.வை நிறுவி, சிறையிலிருக்கும் அப்துல்லா ஓசலான், ஆயுதத்தைக் கீழே வைத்து அமைப்பைக் கலைத்துவிடுமாறு அந்த அமைப்புக்கு எழுதிய அழைப்பை இஸ்தான்புல்லில் படித்துக் காட்டியதும் அதே கட்சியின் தூதுக்குழுதான். அதற்கு வழி திறந்துவிட்டவர் அதிபர் எர்டோகனின் கூட்டாளியான தேசியவாதத் தலைவர் டெவ்லெட் பாஹ்செலி. மார்ச் 1, நோன்பின் முதல் நாள், பி.கே.கே. போர்நிறுத்தம் அறிவித்தது. அரசுத் தரப்பே தூது போகச் சொன்ன கட்சியோடு எதிர்க்கட்சி உடன்பாடு கண்டால் மட்டும் அது வழக்காகிறது. இவ்விரு செய்திகளும் தங்கள் நாளிதழில் வெவ்வேறு நாட்களில் தனித்தனியே வந்ததால், அவற்றுக்கிடையே உள்ள முரண் வாசகர் கண்ணில் படாமலே போய்விட்டது.

இமாமோக்லுவின் பல்கலைக்கழகப் பட்டம் பற்றிய விவகாரமும் அப்படித்தான். மார்ச் 18 அன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் இமாமோக்லு உள்ளிட்ட 28 பேரின் பட்டங்களை ரத்து செய்தது. வட சைப்ரஸில் உள்ள கிர்னே அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-ல் அவர் மாறி வந்தது விதிப்படி செல்லாது என்பது காரணம். அதிபர் வேட்பாளர் உயர்கல்வி முடித்திருக்க வேண்டும் என்கிறது துருக்கி அரசியலமைப்பின் 101-வது பிரிவு. மறுநாள் விடியற்காலையில் காவல்துறை அவர் வீட்டு வாசலில் நின்றது. நான்கு நாள் கழித்து, அவர் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. தேர்வுப் பிரிவில் பல ஆண்டு கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர் மாறி வரும் அன்றைக்கே சரிபார்த்திருக்க வேண்டிய தகுதியை 35 ஆண்டு கழித்துக் கிளறுபவர்கள், அதற்கு அந்த வாரத்தையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். நீதித்துறை சுதந்திரமாகச் செயல்படுகிறது என்று அரசு சொல்கிறது. ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரிக்கட்டும். அதில் எனக்குக் கருத்தில்லை.

அந்த வாரத்தில் டாலருக்கு எதிராகத் துருக்கி நாணயமான லிரா சரிந்ததைத் தங்கள் வணிகப் பக்கம் நன்றாகவே எழுதியிருந்தது. மாநகராட்சி அமைந்துள்ள சராச்சானே சதுக்கத்தைப் பற்றித்தான் போதிய செய்தி இல்லை. நோன்பு திறந்த கையோடு மக்கள் இரவுதோறும் அங்கே திரண்டார்கள். ரோமானியர் காலத்துக் கல் நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் கவசமும் கேடயமுமாகக் காவலர்கள் மறித்து நின்றார்கள். கண்ணீர்ப் புகைக்கு முகமூடி மாட்டிய ஒருவர் சூஃபி உடையில் அவர்கள் முன் சுழன்று ஆடினார். மார்ச் 23 அன்று நடந்த அந்த வேட்பாளர் வாக்கெடுப்பில், கட்சி உறுப்பினர் அல்லாதோருக்கெனத் தனியே வைத்த ‘தோழமைப் பெட்டி’களையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் வாக்களித்ததாகக் குடியரசு மக்கள் கட்சி அறிவித்தது. அப்போது அக்கட்சியின் உறுப்பினர்களோ சுமார் 17 லட்சம் பேர்தான். இது கட்சி தரும் கணக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால், ஷிஷ்லி மேயரின் பெயரையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று பயங்கரவாத வழக்கில் சிறைக்குப் போனவர்களில் அவர் ஒருவர்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகர்,
திண்டுக்கல்.