வானத்துக்குப் பலூன் விடப்போகிற கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கல்லூரி அறிவியல் மன்றத்தில் உட்கார்ந்து, "அடுத்த செமஸ்டர்ல 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூன் விடுறோம்" என்று திட்டம் போடுகிற எல்லோருக்கும் வணக்கமுங்க.

நல்ல காரியம்தான், விடுங்கள். ஆனால் பலூன், கேமரா, பாராசூட் எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் "அனுமதி யாருகிட்ட வாங்கணும்?" என்று விசாரிக்கிறீர்களே, அதுதான் தலைகீழ் வேலை.

நம்ம பக்கத்து வானம் சும்மா கிடக்கவில்லை. பீளமேட்டில் விமான நிலையம், கொஞ்சம் தள்ளி சூலூரில் விமானப்படைத் தளம், வடகிழக்கே ஓமலூர்ப் பக்கம் சேலம் விமான நிலையம். நொடிக்கு 5 மீட்டர் ஏறுகிற பலூன், பயணிகள் விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான அடுக்கைக் கடக்க மட்டுமே ஆறேழு நிமிடம் ஆகும், அந்நேரம் அது எங்கே இருக்கும் என்று விமானிக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி, அப்புறம் விமானிகளுக்குப் போகும் நோட்டாம் அறிவிப்பு. சுமை 4 கிலோவுக்குக் கீழே இருந்தால் சர்வதேச விதிகளில் பொதுவாக 'இலகு' வகை. அதைச் சொல்லிக்கொண்டு யாரையும் கேட்காமல் விட்டுவிட முடியாது. அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு: சுமையைத் தொங்கவிட 230 நியூட்டன் (சுமார் 23 கிலோ எடை) இழுவைக்கும் அறாத கயிறு கட்டினால் சுமை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 'கனரக' வகைக்குப் போய்விடும். கனமான நைலான் கயிற்றைத் தேடி வாங்குகிறவர்கள் கவனிக்க.

இடமும் நாளும் காற்றைப் பார்த்துத்தான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலூனைக் கீழ்மட்டத்தில் கிழக்கே தள்ளும். மேலே போகப்போகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று பிடித்துக்கொண்டு, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாக மேற்கே தள்ளும், கேமராவும் கருவிகளும் இருக்கிற பெட்டி ஆனைமலைக் காட்டிலோ கேரளத்திலோ விழுந்தால் வனத்துறையையும் கேட்க வேண்டிவரும். ஆடியை விட்டுவிடுங்கள். கல்லூரி மைதானத்திலிருந்துதான் விடணும், முதல்வர் கொடியசைக்கணும் என்கிற ஆசையையும்தான். தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் வெட்டவெளி நிறைய இருக்கிறது, ஆனால் அங்கேயும் காற்றாலையும் மின்கம்பியும் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் போட்ட டிராக்கரை மட்டும் நம்பாதீர்கள், மேலே டவர் கிடைக்காது. சில ஜிபிஎஸ் கருவிகள் 18 கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யாது. வானலைக் கருவி வைப்பதானால் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் நான்கு பக்கமும் தமிழிலும் மலையாளத்திலும் 'கல்லூரி ஆய்வுக் கருவி, ஆபத்தில்லை' என்று போன் நம்பரோடு பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒயர் தொங்குகிற பெட்டி தென்னந்தோப்பில் விழுந்து கிடந்தால் தோட்டத்துக்காரர் நேரே போலீசுக்குத்தான் போவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் முன்னாடியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி கையில் வரும்வரை ஹீலியம் சிலிண்டர் எடுக்காதீர்கள். வாடகை நாள் கணக்கில் ஓடும்.